உப்பும் சீனியும் நீரும்: அகதி முகாம் உலகுக்குக் கற்பித்த வைத்தியம்

இலண்டன் மாநகரின் நடுவே, ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் பாதாள ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில், சோஹோ பகுதியில் புரோட்விக் வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதியின் ஓரத்தில் கைப்பிடி இல்லாத நீர்ப்பம்பி ஒன்று நிற்கிறது. அப்பகுதியின் உணவகங்களிலும் கடைகளிலும் இரவு பகலாக உழைத்த எம்மவர் பலர் அதனருகே எத்தனையோ முறை நடந்து சென்றிருப்பர். வேலைக்கு விரையும் ஒருவர் நின்று பார்க்கத்தக்க அழகு எதுவும் அதற்கில்லை. எனினும் மருத்துவ வரலாற்றைக் கற்போர் உலகின் பல பாகங்களிலிருந்தும் அதனைக் காண வருகின்றனர்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், அன்று புரோட் வீதி என அழைக்கப்பட்ட இவ்வீதியைச் சூழ வாந்திபேதி நோய் தாக்கியது. அப்பகுதியில் மாத்திரம் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் வீடு வீடாகச் சென்று, மாண்டோர் எந்தப் பம்பியின் நீரைக் குடித்தனர் என விசாரித்தார். நோய் காற்றினால் அல்ல, நீரினாலேயே பரவுகிறது என அவர் வாதிட்டார். அவரது வற்புறுத்தலின் பேரில் செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பியின் கைப்பிடி அகற்றப்பட்டது. இன்று அங்கு நிற்பது அந்நிகழ்வை நினைவூட்டும் சின்னமே.

இவ்வரலாற்றை அறிந்தோர் பலர். ஆனால் அதனோடு பிணைந்த இன்னொரு வரலாறு அவ்வளவாக அறியப்படவில்லை. நோய் எவ்வாறு பரவுகிறது என்பது ஒரு வினா. பரவிய நோய் மனிதனை எதனால் கொல்கிறது என்பது மற்றொரு வினா. இரண்டாவது வினாவுக்குரிய விடை, ஸ்னோ அந்தப் பம்பியை ஆராய்வதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டனில் அச்சேறியிருந்தது. அச்சேறிய அவ்விடை மறக்கப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளின் பின்னர், அகதிகள் நிறைந்த ஒரு முகாமிலேயே அது மக்களின் கைக்குக் கிட்டியது. அந்த விடையின் பெயர் நீரிழப்பு.

இரத்தத்தில் குறைந்தது என்ன?

1831ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வாந்திபேதி இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமான சண்டர்லாந்தில் தோன்றியது. சில மாதங்களில் அது இலண்டனை அடைந்து, 1832இல் இந்நகரில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் பிணமானார். நோயாளியின் கண்கள் குழி விழுந்தன. கன்னங்கள் ஒட்டின. விரல்களின் தோல் நெடுநேரம் நீரில் ஊறியது போலச் சுருங்கியது. குரல் தேய்ந்தது. முகமும் நகங்களும் நீலம் பாரித்தன. சிறுநீர் அறவே நின்றது. நாடி கைக்கு அகப்படவில்லை.

இவ்வறிகுறிகள் அனைத்தையும் அக்கால வைத்தியர்கள் கண்டனர். நுணுக்கமாக எழுதியும் வைத்தனர். ஆயின் அவற்றின் பொருளை அவர்கள் உணரவில்லை. உடலுக்குள் புகுந்த நஞ்சே இத்தனைக்கும் காரணம் என எண்ணினர். நஞ்சை வெளியேற்றுவதற்கென நரம்பை வெட்டி இரத்தம் வடித்தனர். பாதரசம் கலந்த பேதி மருந்து கொடுத்தனர். தாகத்தால் தவித்தவருக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்றும் சிலர் கூறினர். வற்றிக்கொண்டிருந்த குளத்துக்கு மேலும் ஒரு மதகு திறந்த கதை அது.

வில்லியம் புரூக் ஓஷோனசி என்பவர் அயர்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் கற்று, இலண்டனுக்கு வந்த இருபத்திரண்டு வயது இளைஞர். இந்நகரில் வைத்தியத் தொழில் புரிய அவருக்கு அனுமதி கிட்டவில்லை. ஆகவே இரசாயனப் பரிசோதனைகளில் ஈடுபட்டு வந்தார். அவர் நோய் தோன்றிய வடபகுதிக்குச் சென்று, நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். இரத்தத்திலுள்ள நீரின் பெரும்பகுதி குறைந்துவிட்டது. அதிலிருந்த உப்புக்களும் குறைந்துவிட்டன. உடலை விட்டு வெளியேறிய கழிவிலோ அந்த உப்புக்கள் காணப்படுகின்றன. இதுவே அவர் கண்டது. 1831 டிசெம்பர் இறுதியில் இலண்டனின் லான்செற் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. இழந்த நீரையும் உப்பையும் திரும்ப ஊட்டுவதே சிகிச்சை எனவும் அவர் எடுத்துரைத்தார்.

லீத் துறைமுகத்து மூதாட்டி

இதனைச் செயலில் காட்டியவர் ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்தில் பணிபுரிந்த தோமஸ் லற்றா என்னும் வைத்தியர். 1832 மே மாதத்தில், கைவிடப்பட்ட நிலையிலிருந்த மூதாட்டி ஒருவரின் கை நரம்பினூடாக உப்பும் சோடாவும் கலந்த வெந்நீரை அவர் சிறிது சிறிதாகச் செலுத்தினார். ஆறு பைந்து நீர், அதாவது மூன்று லீற்றருக்கு மேல், உள்ளே சென்றது. நின்றுபோன நாடி மீண்டது. குழிந்த கண்கள் ஒளி பெற்றன. குளிர்ந்த கைகால்களில் சூடு பரவியது. மூதாட்டி தெளிவாகப் பேசினார். இன்று நாம் சர்வசாதாரணமாக "சேலைன் ஏற்றுதல்" எனக் கூறும் சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

அவர் பிழைத்துவிட்டார் என நம்பி, லற்றா அவரை வேறொருவரின் பொறுப்பில் விட்டு நீங்கினார். வாந்தியும் கழிச்சலும் மீண்டும் தொடங்கின. இழந்த நீரை மீண்டும் ஊட்ட எவரும் முன்வரவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். இழப்பு தொடரும் வரை ஈடுசெய்தலும் தொடர வேண்டும் என்னும் பாடத்தை அம்மரணம் கற்பித்தது. லற்றா அதனை உணர்ந்து, பின்வந்த நோயாளிகளுக்கு மீண்டும் மீண்டும் செலுத்தினார். சிலர் உயிர் பிழைத்தனர்.

அவ்வாறிருந்தும் இச்சிகிச்சை நிலைக்கவில்லை. சாகும் தறுவாயில் இருந்தோருக்கே அது அளிக்கப்பட்டது. ஆகவே மாண்டோரே மிகுதி. கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லாத காலமாதலால், செலுத்திய நீரும் ஊசியும் தூய்மையற்றிருந்தன. லற்றா 1833இல் இறந்தார். ஓஷோனசி அதே ஆண்டு கிழக்கிந்தியக் கம்பனியின் பணியேற்று வங்காளம் சென்றார். கொள்ளைநோய் தணிந்தது; அக்கறையும் தணிந்தது.

1848-49இல் நோய் திரும்பி வந்தபோது இலண்டனில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பம்பியால் புகழ்பெற்ற ஸ்னோ, நோயின் ஏனைய துன்பங்கள் யாவும் இரத்தம் நீரை இழந்ததன் விளைவே என 1855இல் தம் நூலில் தெளிவாக எழுதினார். அதற்கும் செவிசாய்த்தோர் சிலரே. 1866இல் நோய் கடைசி முறையாக இந்நகரின் கிழக்குப் பகுதியை, இன்று எம்மவர் செறிந்து வாழும் ஈஸ்ற்ஹாமுக்கு அண்மையிலுள்ள வைற்சப்பல், பெத்னல் கிறீன் போன்ற இடங்களைத் தாக்கி, ஐந்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பின்னர் பாதாளக் கழிவுக் கால்வாய்களும் தூய குடிநீரும் இலண்டனைக் காத்தன. அவை இல்லாத நாடுகளில் சாவு தொடர்ந்தது.

மன்னார்ப் பாதையில்

அவ்வாறு சாவு தொடர்ந்த இடங்களுள் எமது நாடும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இலங்கையின் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வேலை தேடி, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து தமிழர் கடல் கடந்து மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழி. கால்நடையாகவே சென்றனர். வறண்ட காலத்தில் குடிக்க நீரில்லை. கிடைத்த குட்டை நீரோ நோயின் ஊற்று. கைக்குழந்தையோடு சென்றோரும் முதியோரும் வழியிலேயே வீழ்ந்தனர். இன்று மலையகத் தமிழர் எனப்படும் சமூகத்தின் தொடக்கம் அந்த வழியின் ஓரங்களில் புதைந்திருக்கிறது. வாந்திபேதிக்கு அஞ்சிய ஆட்சியாளர் பிற்காலத்தில் அவ்வழியை அடைத்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்தில் தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதிக்கும் முகாம் ஒன்றை நிறுவினர்.

மண்டபம் என்னும் பெயரை எமது வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1983இன் பின்னரும் 1990இன் பின்னரும் படகேறிச் சென்ற எம்மவரை ஏற்றதும் அதே முகாமே. படகோட்டிகள் நடுக்கடல் மணல்திட்டுக்களில் இறக்கிவிட்டுச் செல்ல, வெயிலில் தண்ணீரின்றிக் குழந்தைகளோடு காத்திருந்தோர் எம்மிடையே உள்ளனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, கொட்டிய மழையைக் குடையில் ஏந்திக் குழந்தைகளுக்குப் பருக்கியதை அன்று நடந்தோர் இன்றும் நினைவுகூர்வர். தாகம் என்பது எமக்கு நூலறிவன்று.

பொங்காவ் முகாம், 1971

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவினுள் அகதிகளாகப் புகுந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லைப்புற நகரான பொங்காவைச் சூழ மாத்திரம் மூன்றரை இலட்சம் பேர் தங்கியிருந்தனர். மழைக்காலம் தொடங்கியது, வாந்திபேதி பரவியது. ஜூன் 24ஆம் திகதி கல்கத்தாவிலிருந்து வைத்தியர் திலீப் மகாலனோபிஸ் அங்கு வந்து சேர்ந்தார். முன்னர் இலண்டனில் எலிசபெத் மகாராணி சிறுவர் வைத்தியசாலையில் பணிபுரிந்து நாடு திரும்பியவர் அவர்.

அங்கு அவர் கண்டது, பதினாறு கட்டில்களைக் கொண்ட சிறிய வைத்தியசாலை. நோயாளிகள் தரையிலும் தாழ்வாரத்திலும் கிடந்தனர். அவர்களுக்குச் சேலைன் ஏற்றுவதற்கு வாந்தியும் கழிவும் படிந்த தரையில் முழந்தாளிட வேண்டியிருந்தது. சேலைன் போத்தல்களோ தீர்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஏற்றும் பயிற்சி பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கோர்.

இதற்கு முன்னரே வேறொரு உண்மை ஆய்வுகூடங்களில் வெளிப்பட்டிருந்தது. வயிற்றோட்டத்தின்போது வெறும் நீரையோ உப்பு நீரையோ குடித்தால் குடல் அதனை வேண்டிய அளவு ஏற்பதில்லை. உப்போடு சிறிது சீனிச்சத்துச் சேர்ந்தாலோ, இரண்டும் கைகோத்துக் குடற்சுவரைக் கடக்கின்றன. நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து உட்செல்கிறது. வாந்திபேதி எத்தனை கடுமையாயினும் இந்த ஒரு வாயில் மூடப்படுவதில்லை. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர், 1953லேயே உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து நோயாளிகளைக் குணப்படுத்தியதாக எழுதியிருந்தார். கழிச்சலைத் தணிக்க அவர் பயன்படுத்தியது எமது வீட்டு முற்றங்களில் வளரும் கற்பூரவள்ளி இலையின் சாறு. 1968இல் டாக்காவில் டேவிட் நலின், றிச்சர்ட் கேஷ் என்னும் இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள் அவ்வழியை முறையாகப் பரீட்சித்து நிறுவினர். ஆயினும் பயிற்சி பெற்ற வைத்தியர்களின் கண்காணிப்பின்றி இதனைக் கொடுத்தல் ஆபத்து என்றே பலரும் கருதினர்.

மகாலனோபிசுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் அப்பச்சோடா என்ற அளவில் கல்கத்தாவில் நிறுத்துக் கலந்து, பொலித்தீன் பைகளில் அடைத்து முகாமுக்குக் கொண்டுவரச் செய்தார். குழாய் பொருத்திய பீப்பாக்களில் அது கரைக்கப்பட்டது. தாய், தந்தை, சகோதரர், அயலவர் என நோயாளியின் அருகிருந்த எவரும் குவளையில் ஏந்திச் சென்று பருக்கலாயினர். வைத்தியர் செய்ய வேண்டியதென எண்ணப்பட்டதை உறவினர் செய்தனர். முகாமில் நூற்றுக்கு முப்பது என்றளவில் இருந்த சாவு வீதம், இவ்வாறு சிகிச்சை பெற்றோரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே சரிந்தது.

ஓஷோனசி கண்டதும், லற்றா செய்து காட்டியதும், ஸ்னோ எழுதியதும் அன்றுதான் மக்களின் சொத்தாயின. 1978இல் லான்செற் இதழ் இவ்வறிவை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியதெனப் போற்றியது. ஓஷோனசியின் கடிதத்தை 1831இல் வெளியிட்டதும் அதே இதழே என்பதை நாம் மறக்கலாகாது. மகாலனோபிஸ் 2022 ஒக்ரோபரில் காலமானார். இச்சிகிச்சை காத்த உயிர்கள் பல கோடி.

தாய்மாரிடம் சேர்ந்த அறிவு

மருந்து கண்டறியப்பட்டால் மட்டும் போதாது, அது மக்களின் மொழியில் மக்களைச் சேரவேண்டும் என்பதற்கு வங்காளதேசம் சான்று. பிராக் நிறுவனத்தின் பணியாளர்கள் 1980 முதல் பத்தாண்டுகள் கிராமம் கிராமமாகச் சென்று, ஒரு கோடி இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மாரைச் சந்தித்தனர். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த நீர் என அவர்களுக்குக் கற்பித்தனர். தாய் எத்தனை குறிப்புக்களை நினைவில் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. கற்பித்தவர் பேசினாரா என்பதன்று, கேட்டவர் கற்றாரா என்பதே அங்கு அளவுகோல். அந்நிறுவனத்தைத் தொடங்கிய பசல் ஹசன் ஆபெட், இலண்டனில் தமக்கிருந்த வீட்டை விற்ற பணத்தைக் கொண்டே 1972இல் அகதிகளுக்கான பணியை ஆரம்பித்தார்.

எமது மண்ணிலும் இவ்வுண்மை முன்பே உணரப்பட்டிருந்தது. மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, தமிழிலேயே மருத்துவ நூல்களை ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். பின்னாளில் எம் நாட்டு மக்கள் "ஜீவனி" என்ற பெயரில் அறிந்த சிறு பொதி, பொங்காவ் முகாமின் பொலித்தீன் பையின் வழித்தோன்றலே.

அறிகுறிகளை அறிவோம்

1832இல் வைத்தியர்கள் அறிகுறிகளைக் கண்டும் காரணத்தை அறியாதிருந்தனர். காரணம் அறியப்பட்ட இக்காலத்தில் நாம் அறிகுறிகளைக் காணத் தவறுகிறோம். முதலில் சொல்லிலேயே ஒரு மயக்கம் உண்டு. நீரிழிவு என்பது சர்க்கரை வியாதி. நீரிழப்பு என்பது உடல் தன் நீரை இழத்தல். இரண்டும் வேறு. ஆயினும் கட்டுப்படாத நீரிழிவு, அளவுக்கு மிஞ்சிச் சிறுநீர் கழியச் செய்து நீரிழப்பில் கொண்டுசென்று விடும்.

நீரிழப்பின் காரணங்கள் பல. வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல், மிகுந்த வியர்வை, கடும் வெயில் என்பன யாவரும் அறிந்தவை. சிறுநீரை வெளியேற்றும் குளிசைகளும், போதிய அளவு குடிக்காமையும் பலர் எண்ணிப் பாராதவை.

தாகம், வறண்ட நாவும் உதடும், கடும் மஞ்சள் நிறச் சிறுநீர், சிறுநீர் குறைதல், தலையிடி, எழும்பும்போது தலைச்சுற்று, சோர்வு ஆகியன தொடக்க அறிகுறிகள். இழப்பு மிகுந்தால் கண்கள் குழி விழும், கைகால் குளிரும், நாடியும் மூச்சும் விரையும், மயக்கமும் குழப்பமும் தோன்றும், சிறுநீர் நின்றுவிடும்.

கைக்குழந்தை தன் தாகத்தைச் சொல்லாது. அழும்போது கண்ணீர் வராமை, நாப்பி வழக்கத்தை விட நெடுநேரம் நனையாதிருத்தல், உச்சிக்குழி பதிந்து போதல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும். குழந்தையின் உச்சியை மெல்லத் தடவிப் பார்த்த எமது பேத்திமாரின் வழக்கத்தில் பொருள் இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமநிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் அது எச்சரிக்கை. முதியோரின் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் அவர்களிடம் இச்சோதனை பயன்தராது.

வயிற்றோட்டம் கண்டவரைப் பட்டினி போட்டு, தண்ணீரையும் குறைத்தால் கழிச்சல் நின்றுவிடும் என்பது எம்மிடையே இன்றும் நிலவும் எண்ணம். "லங்கனம் பரம ஔடதம்" என்ற பழமொழியையும் துணைக்கு அழைப்பர். 1832இல் தாகத்தோடு மாண்ட இலண்டன் நோயாளிகளுக்கு இழைக்கப்பட்ட பிழையே அது. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஒவ்வொரு முறை வயிறு கழிந்த பின்னரும் உப்பு-சீனிக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். லீத் மூதாட்டியின் கதையை நினைவிற் கொள்ளுங்கள்: இழப்பு நிற்கும் வரை ஊட்டுதலும் நிற்கலாகாது.

பொதியில் வரும் கரைசலே சிறந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பொதிகள் பெரும்பாலும் ஒரு லீற்றர் நீருக்குரியவை. இங்குள்ள மருந்துக்கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 200 மில்லிலீற்றருக்குரியவை. ஒன்றின் அளவில் மற்றதைக் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்கு விளையும். அல்லது குறைந்து பயனற்றுப் போகும். பொதியில் எழுதியுள்ளதைப் படித்துக் கரைக்கவும். பொதி எதுவும் கிட்டாத நெருக்கடியில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். கரைசல் கண்ணீரை விட உவர்ப்பாக இருத்தலாகாது. சோடாப் பானங்களும் பழச்சாறும் அதற்கு ஈடாகா.

குளிர் நாட்டில் தாகம்

குளிர் நாட்டில் நீரிழப்பு ஏது என்று வினவுவோர் உளர். வியர்க்காத நாட்டில் தாகம் தெரிவதில்லை என்பதே இங்குள்ள ஆபத்து. முதுமையில் தாக உணர்வு தானாகவே மங்குகிறது. இரவில் கழிவறைக்கு எழும்ப நேரும் என அஞ்சி மாலைக்குப் பின் நீரருந்தாத முதியோர் எம் வீடுகளில் உள்ளனர். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின், பகல் முழுதும் ஒரு கோப்பைத் தேநீரோடு தனித்திருப்போர் உளர். குளிரூட்டியற்ற சமையற்கூடங்களில் நெருப்பின் முன் பத்து மணி நேரம் நிற்போரும், பண்டகசாலைகளில் இடைவேளையின்றி உழைப்போரும் நீரை மறந்து விடுகின்றனர். நோன்பிருப்போரும் அவ்வாறே.

கோடையும் முன்போல் இல்லை. 2022 ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகையைக் கடந்தது. அவ்வாண்டுக் கோடை வெப்பத்தின்போது 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே வழமைக்கு மேலதிகமாக 2,800 வரையான மரணங்கள் நிகழ்ந்தன. வெயிலுக்குப் பழகியவர்கள் நாம் என்ற எண்ணம் அடுக்குமாடியின் மேல்தளத்தில், திறக்க முடியாத சன்னலோரத்தில் இருக்கும் முதியவரைக் காப்பாற்றாது.

திடீரெனக் குழம்பிப் பேசும் பெரியவரை "வயது போய்விட்டது" என்று விட்டுவிடலாகாது. அடிக்கடி விழுதலும், உறக்க மயக்கமும் நீரிழப்பின் அறிகுறிகளாக இருத்தல் கூடும். தேநீரும் கோப்பியும் கஞ்சியும் நீர்க்கணக்கிற் சேரும். இதய நோயினாலோ சிறுநீரக நோயினாலோ நீரைக் கட்டுப்படுத்துமாறு பணிக்கப்பட்டோர் மாத்திரம் தம் வைத்தியரைக் கேட்டே அளவைக் கூட்டுதல் வேண்டும்.

சிறுநீர் நின்றால், எதையும் வயிறு ஏற்காவிட்டால், கழிவில் இரத்தம் கண்டால் தாமதியாது 111 இலக்கத்தை அழையுங்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, பெரியவர் திடீரெனக் குழம்பினாலோ, மயங்கி விழுந்தாலோ, எழுப்பியும் எழும்பாவிட்டாலோ 999ஐ அழையுங்கள். ஆங்கிலம் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்துத் தருவர். வதிவிட அனுமதி கிட்டாதோரும் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யலாம்.

இந்நகரில் அச்சேறிய ஓர் உண்மை நூற்று நாற்பது ஆண்டுகள் ஏட்டுக்குள் கிடந்தது. வைத்தியருக்கு வழியற்றுப் போன ஓர் அகதி முகாமில், குவளை ஏந்திய தாய்மாரின் கைகளே அதனை உலகுக்கு உரியதாக்கின. நாமும் அத்தகைய முகாம்களைக் கடந்து வந்தவர்களே. இன்று மாலை வீடு திரும்பியதும், தனித்திருந்த பெரியவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு நில்லாமல், "என்ன குடித்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.